பார்த்தேன், பார்க்கவில்லை: ஒன்றை அடிக்கவும்

1944 மார்ச் 6, திங்கள்

வெக்கை. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோட ஒட்டியாச்சு. கடல் பக்கம் இருந்து ஒரு பொட்டுக் காத்து கிடையாது.

இன்னைக்கு வேலை: உடம்பு சரியில்லைன்னு லீவு கேக்கதுக்குப் புது ரூல். பெரிய குமாஸ்தா இங்கிலீஷ்ல எழுதி, துரைகிட்ட கையெழுத்தும் வாங்கியாச்சு. (இனிமே இந்த நோட்டுல பெ.கு. மட்டும். அந்தாளு பேரை முழுசா எழுத மை செலவழிக்க மாட்டேன். ஆபீஸ்ல 'வாங்க, இருங்க'. இங்க 'வாரான், போறான்'. என் நோட்டு, என் இஷ்டம்.) நான் அதைத் தமிழாக்கி நாலு காப்பி எழுதணும். யுத்தத்துல காகிதம் கிடையாதாம். பழைய கப்பல் பில்லுக்குப் பின்பக்கம் எழுதச் சொன்னான்.

ரூல், சுருக்கமா:

1. முடியாதவன் அன்னைக்கே காலை ஒன்பதரைக்குள்ள விண்ணப்பம் சேர்க்கணும். தன் கையாலேயே எழுதணும். (பேதியில கிடக்கவன் எங்க உக்காந்து எழுதுவான்? கேக்கப்படாது.)

2. நோயின் பெயர் எழுதணும். 'உடம்புக்கு முடியலை' செல்லாது.

3. கம்பெனி டாக்டர் சர்டிபிகேட். டாக்டர் உக்காந்திருக்கது ஆபீஸ் காம்பவுண்டுல. நடக்க முடியாதவன் நடந்து வந்து, நடக்க முடியலைன்னு எழுதி வாங்கிட்டு நடந்து போகணும்.

4. வரவே முடியாதவன் வீட்டுக்கு லீவு குமாஸ்தா நேர்ல போகணும். ரிப்போர்ட் பாரத்துல 'பார்த்தேன் / பார்க்கவில்லை', ஒன்றை அடிக்கவும்.

5. விண்ணப்பமும் இல்லை, பார்த்த ரிப்போர்ட்டும் இல்லை, மூணு வேலை நாள் ஆச்சுன்னா பேர் நீக்கம்.

மிச்சம் நாலு ரூலும் இதையேதான் வேற வேற மாதிரி மிரட்டுது.

நாலாவதுல வர்ற லீவு குமாஸ்தா நான்தான். பதினோரு வருஷமா லீவு ரிஜிஸ்டர் என் கையெழுத்து. போறியாடான்னு ஒருத்தனும் கேக்கலை.

ஆபீஸ் வாசல், கிடங்கு, தோணித்துறை, டாக்டர் ரூம், நாலு இடத்துல ஒட்டினேன். ஒட்டும்போதே முதுகுக்குப் பின்னால, "பெருமாளு மூளைதான்லா இது." என் மூளையாம். என் மூளையா இருந்தா அஞ்சு ரூலோட முடிச்சிருப்பேன்.

ஆபீஸ் சைக்கிளை என் பேருக்கு எழுதிட்டான். பிரேக் பிடிக்காது. பெல் மட்டும் ஊருக்கே கேக்கும்.

மார்ச் 8, புதன்

முதல் ரவுண்டு.

கிடங்குக் காவக்காரர்: மலேரியா. நிஜம். அவர் நடுங்குத நடுக்கத்துல கட்டிலே நகந்திருக்கு. பார்த்தேன்.

எடை குமாஸ்தா சூசை: 'இடுப்புப் பிடிப்பு'. வீட்டுல பூட்டு. பக்கத்து வீட்டம்மா, பெரியதாழையில கொளுந்தியா கலியாணம்லா, நேத்தே குடும்பத்தோட போயாச்சேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. இடுப்பு அங்க போய் நல்லா வேலை செஞ்சிருக்கும். பார்க்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு கோடு அடிக்கும்போது கையில ஒரு சுகம் இருந்தது.

திரும்பும்போது தோணித்துறை வழி. கப்பல் கரைக்கு வராது, அஞ்சு மைல் தள்ளித்தான் நிக்கும். மூட்டையெல்லாம் தோணியில போகும். கூடவே போய் எண்ணிக் குறிக்கவன் டாலி குமாஸ்தா தங்கப்பழம். இந்தப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரன், ராஜா ஊர் இல்லை. வாய் மட்டும் கடலை விடப் பெருசு. என் பெல்லைக் கேட்டதும் தோணி மேல ஏறி நின்னு, அத்தனை சுமைகாரங்களுக்கும் கேக்கும்படி, "ஒதுங்குங்கடா, எமன் வாரான். எருமைக்குப் பெல்லு கட்டியிருக்கான் பாரு."

துறை முழுக்க சிரிப்பு.

மார்ச் 10, வெள்ளி

வெயில். தலைவலி.

ரெண்டே நாள்ல 'எருமை' ஆபீஸுக்குள்ள வந்தாச்சு. கிடங்குல ஒருத்தன், எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா அண்ணாச்சிங்கான். டாக்டர் சிரிக்காரு. சாயந்தரம் பெ.கு.வே, "எருமை எங்கவே?" அவன் போட்ட ரூல், அவன் குடுத்த சைக்கிள், சிரிக்கதும் அவனே.

தங்கப்பழத்தை எனக்கு ஏன் ஆகாதுன்னா: (அ) எல்லார் முன்னாலயும் பேசுதான். (ஆ) பேசினது மறுநாள் ஊர் பேச்சாயிருது. (இ) ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை, அதனால என்கிட்ட வந்து நிக்க வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. (ஈ) அந்த எருமை ஜோக் நல்லாத்தான் இருக்கு.

மார்ச் 13, திங்கள்

தங்கப்பழம் வரலை.

புதுக்கோட்டையில இருந்து கரியில ஓடுத பஸ் வந்தாச்சு, அவன் இல்லை. ஒன்பதரை ஆச்சு, பத்தாச்சு. விண்ணப்பம் இல்லை. தோணி அவன் இல்லாம அரை மணி நேரம் நின்னுது.

பெ.கு. முகத்தைப் பாக்கணுமே. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். அவன் தங்கச்சி மகன் ஒருத்தன், முப்பது வயசுத் தடியன், ஒரு மாசமா ஆபீஸ் பெஞ்சியில சாய்ஞ்சே பெஞ்சி பளபளன்னு ஆயிட்டுது. அவனை இன்னைக்கே 'சும்மா பழகட்டும்'னு தோணியில அனுப்பியாச்சு.

எனக்கு உத்தரவு: நாளைக்குப் புதுக்கோட்டை. போறப்போ இன்னொண்ணும் சொன்னான். "பாத்ததை மட்டும் எழுதும் வே. கேட்டதெல்லாம் எழுதாதேயும்."

மார்ச் 14, செவ்வாய்

அந்த சைக்கிள்ல புதுக்கோட்டை. எதிர்க்காத்து. ரெண்டு தடவை செயின் கழண்டது. கையெல்லாம் கிரீஸ். போய்ச் சேரும்போது நாக்கு வெளிய தள்ளியாச்சு.

வாசல்ல வேப்பிலை. நிலையில ரெண்டு பக்கமும் கொத்துக் கொத்தா. வாசப்படியில மஞ்சத்தண்ணி.

பாத்ததும் செருப்பைக் கழட்டி, ரெண்டடி பின்னால நகந்துட்டேன். அம்மை போட்டிருக்க வீட்டுக்குள்ள அசலான் போகப்படாது. அதுவும் ரோட்டுப் புழுதியோட, வேர்வையோட. எனக்கும் வீட்டுல ஒரு பொம்பளைப்பிள்ளை, ஆறு வயசு. தெய்வத்துக்குப் பயந்தேனா, பிள்ளைக்குப் பயந்தேனா, ரெண்டும்தான்.

அவன் பெண்சாதி பேச்சியம்மா உள்ள நின்னுக்கிட்டே பேசினா. தலையில எண்ணெய் இல்லை, கண்ணெல்லாம் செவந்து. அவனுக்குச் சனிக்கிழமை காய்ச்சல், நேத்து விடியும்போது அம்மன் முத்து போட்டிருக்கா. முனிசிபாலிட்டிக்காரன் அம்மைக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிருவான்னு பயந்து யார்கிட்டயும் சொல்லலையாம்.

விண்ணப்பம் வேணும்னு சொன்னேன். எழுதி வச்சிருக்காராம். நேத்தே எழுதியாச்சாம், இன்னைக்குள்ளதும் எழுதியாச்சாம், ரூல்படி. அப்போ குடுன்னேன்.

"எப்படி அண்ணாச்சி தர? அம்மா இருக்கும்போது இந்த வீட்டுல இருந்து உப்புக்கல்லு கூட வெளிய போகாதே. உங்களுக்குத் தெரியாததா. தலைக்கு மூணாந் தண்ணி ஊத்தட்டும், நானே கொண்டு வந்து துரை கையில குடுக்கேன்."

தெரியாததா? எங்க ஆத்தூர்ல அம்மை போட்ட வீட்டுல அடுப்புக்கு நெருப்பு கேட்டாக்கூடத் தர மாட்டாங்க. வாங்குதவனுக்கும் ஆகாது, குடுக்கவங்களுக்கும் ஆகாது. நான் கை நீட்டவே இல்லை. நீட்டியிருந்தா அவ தந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

அப்போதான் உள்ள இருந்து ஒரு குரல். தொண்டையில புண்ணு போல, கிழிஞ்ச குரல்.

"யாரு, எருமையா?"

பேச்சியம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் திரும்பிட்டேன். அந்த வாசல்ல போயிட்டு வாரேன்னு சொல்லப்படாது, சொல்லலை. சைக்கிளை ரோடு வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்தேன், பெல் அடிச்சிரக் கூடாதேன்னு.

மார்ச் 15, புதன்

ரிப்போர்ட்.

பெயர்: தங்கப்பழம். வேலை: டாலி. போன நேரம்: பகல் பதினொண்ணு. நோயின் பெயர்: இதுல மாட்டிக்கிட்டேன். அம்மனை நோய்னு எழுதுததா? என் கை வராது. காலியா விட்டேன்.

பார்த்தேன் / பார்க்கவில்லை.

பேனாவை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம். குரலைக் கேட்டேன். அவன் குரல்தான், உலகத்துல வேற எவனும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டான். வேப்பிலை பாத்தேன், மஞ்சத்தண்ணி பாத்தேன், பெண்சாதி கண்ணைப் பாத்தேன். 'பார்த்தேன்'னு எழுதினா எந்த நீதிபதி வந்து கேக்கப் போறான்?

ஆனா 'எருமையா'. சாகக் கிடக்கும்போதும் எருமை.

'பார்த்தேன்' மேல கோடு போட்டேன். ரூல்படி சரி. முகத்தைப் பாக்கலைங்கது சத்தியம். பெ.கு. வாங்கிப் பாத்துட்டு என் பக்கம் வெத்தலைத் தட்டைத் தள்ளினான். பதினோரு வருஷத்துல முதல் தடவை. வாசல்ல வேப்பிலை கட்டியிருக்குன்னு மட்டும் சொல்லி வச்சேன். "வேப்பிலைதான் சர்டிபிகேட்டா வே?"ன்னான்.

வெத்தலையைப் போட்டுக்கிட்டேன். அதையும் எழுதணும்லா.

மார்ச் 16, வியாழன்

மூணு வேலை நாள் முடிஞ்சது. செவப்பு மை. தங்கப்பழம் பேர் மேல கோடு, பக்கத்துல 'நீக்கம், ரூல் 5'. என் கையாலதான். அஞ்சு நிமிஷத்துல தடியன் பேர் அடுத்த வரியில ஏறிட்டுது.

ரப்பர் ஸ்டாம்பு தேய்ஞ்சிருக்கு. புதுசு கேக்கணும். சீயக்காய், திரி, பிள்ளைக்கு சிலேட்டுக்குச்சி வாங்கணும்.

மார்ச் 19, ஞாயிறு

வீட்டுல சண்டை. சண்டைன்னா இவ, என் பெண்சாதி, கத்தலை. அதான் பயம்.

கிடங்குக்காரன் பெண்சாதி குழாயடியில சொல்லியிருக்கா. இவ வந்து குடத்தை இறக்கி வச்சுட்டுக் கேட்டா: "அம்மா இருக்க வாசல்ல போய் நின்னுட்டு வந்து, ஆளு இல்லைன்னா எழுதினீய?" இல்லைன்னு எழுதலை, பாக்கலைன்னுதான் எழுதினேன்னு விளக்கினேன். ரூல் நாலு, ரூல் அஞ்சு எல்லாம் சொன்னேன். நான் பேசி முடிக்கத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் போய் வேப்பிலை ஒடிச்சுட்டு வந்து எங்க வாசல்ல கட்டிட்டா. அம்மா கோவிச்சுட்டு இங்க வந்திரக் கூடாதுன்னு.

பிள்ளை நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கேன். சூடு இல்லை. திரும்பத் தொடுதேன். அது எரிச்சல்பட்டுக் கையைத் தட்டி விடுது.

மார்ச் 21, செவ்வாய்

இன்னைக்குக் கண்டது. பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டும்போது போன வருஷச் சித்திரை. பெ.கு. பேர். பதினோரு நாள். காரணம்: காய்ச்சல். விண்ணப்பம்: இல்லை. எழுதினது நான்.

மறந்தே போச்சு. அவன் மகளுக்கு முத்து போட்டிருந்தது. வாய்வார்த்தையா ஆள் விட்டுச் சொன்னான், ஒரு துண்டுக் காகிதம் வரலை. ஏன் வரலைன்னு நானும் கேக்கலை, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. திரும்பி வந்து என்கிட்ட மெதுவா, "அம்மா விளையாடிட்டுப் போயிட்டா வே, காய்ச்சல்னு போட்டுக்கிடும்." போட்டேன்.

அவன் வீட்டு வேப்பிலை வேப்பிலை. தங்கப்பழம் வீட்டு வேப்பிலை என்ன, கருவேப்பிலையா?

ரிஜிஸ்டரை மூடி, அலமாரியில வைக்காம, என் மேசைக்குள்ள வச்சேன். எதுக்குன்னு தெரியலை. ஒண்ணும் செய்யப் போறதில்லை. நான் அவ்வளவு தைரியசாலி கிடையாது.

மார்ச் 27, திங்கள்

வரிசையா எழுதப் பாக்கேன்.

பதினோரு மணிக்குப் பேச்சியம்மா வந்தா. நேத்து மூணாந் தண்ணி ஊத்தியாச்சாம். ஆள் பிழைச்சிட்டான். குளிச்சு, நெத்தியில திருநீறு, கையில மஞ்சத்துணிப் பொட்டலம். பெ.கு. மேசைக்கு முன்னால நின்னு அவிழ்த்தா.

விண்ணப்பம். பன்னிரண்டு. ஞாயித்துக்கிழமை விட்டு, ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒண்ணு. தேதி, நேரம் 'காலை எட்டு மணி', சொந்தக் கையெழுத்து, நோயின் பெயர்ங்கத இடத்துல 'அம்மன் வந்திருக்கிறாள்'. நான் ஒட்டின ரூல்ல ஒரு எழுத்து விடலை. நடுவுல நாலஞ்சு நாள் கண்ணு ரெண்டும் மூடிப் போச்சாம். அந்தக் காகிதத்துல வரி மேல வரி ஏறிக் கிடக்கு. ஒண்ணுல கையெழுத்து காகிதத்தை விட்டு வெளிய போயிட்டுது. காகிதத்துக்குள்ள வேப்பிலைச் சருகு.

பெ.கு. தொடலை. ரூல் தடியை எடுத்து, அதால அந்தக் காகிதங்களை மேசை ஓரம் வரைக்கும் தள்ளினான். ரெண்டு கீழே விழுந்தது. அவ குனிஞ்சு பொறுக்கினா. காலம் கடந்தாச்சு, பேர் எடுத்தாச்சுங்கான். அதோட விட்டிருக்கலாம். என் பக்கம் கையைக் காட்டினான்.

"என்கிட்ட ஏன்மா அழுத? இந்தா உக்காந்திருக்காரே, இவரு உன் வீடு தேடி வந்துட்டு ஆளைப் பாக்கலைன்னு எழுதிக் குடுத்தாரு. இவர்கிட்டக் கேளு."

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. அன்னைக்கு வீட்டுல இவ என்னைப் பாத்த மாதிரியே பாத்தா.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. மேசையைத் திறந்து ரிஜிஸ்டர், அவ கையில இருந்து பன்னிரண்டு காகிதம், நேரா துரை ரூம். தட்டக் கூட இல்லை. என் இங்கிலீஷ்ல சொன்னேன். முதல் காகிதம் காட்டினேன், கடைசிக் காகிதம் காட்டினேன், அப்புறம் போன வருஷம் பதினோரு நாள். "திஸ் ஹவுஸ் ஆல்ஸோ நோ பேப்பர் கம்மிங், சார். சேம் காடஸ்." இது ரெண்டும் என் கையெழுத்து, ரெண்டும் தப்புன்னேன். பார்க்கவில்லைன்னு எழுதினது கோவத்துலன்னும் சொல்லிட்டேன். அதைச் சொல்லணும்னு யாரும் கேக்கலை.

தங்கப்பழத்துக்காகப் போகலை. பெ.கு. அந்த ரூல் தடியால தள்ளினான் பாரு, அதுக்காகப் போனேன். இந்த நோட்டுலயாவது உண்மை இருக்கட்டும்.

துரை எல்லாத்தையும் கேட்டான். கடைசியில அவனுக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: அம்மை. காகிதத்தை மேசையில போட்டுட்டுச் சோப்பு கொண்டு வரச் சொன்னான்.

மார்ச் 28, செவ்வாய்

தீர்ப்பு.

தங்கப்பழம்: நீக்கம் ரத்து. இன்னும் மூணு வாரம் வரவே கூடாது, சம்பளத்தோட லீவு.

பெ.கு.: ஒண்ணுமில்லை. "இனி கவனம்." அவ்வளவுதான்.

தடியன்: தோணி வேண்டாமாம், கடல் ஒத்துக்கலையாம். ஆபீஸ்ல உக்காந்து லீவு ரிஜிஸ்டர் எழுதுவான். என் நாற்காலி. என் மேசை. என் பதினோரு வருஷம்.

நான்: டாலி. நாளை மறுநாள்ல இருந்து தோணி.

வீடு போய்ப் பாக்க வேலை: தங்கப்பழம் திரும்பினதும் அவனுக்கு. துரை சொன்ன காரணம்: ஒரு தடவை அம்மை போட்டவனுக்குத் திரும்ப வராது, எந்த வீட்டுக்குள்ளயும் பயப்படாம போகலாம். "நீ வாசலோட பயந்துட்டே, இல்லையா?" ஆமா சார்.

அத்தோட ஆபீஸ், கிடங்கு, துறை அத்தனை பேருக்கும் அம்மை குத்தணும்னு உத்தரவு. வரிசையில நின்னவன் எல்லாம் என்னைப் பாத்துப் பல்லைக் கடிக்கான். "இவனாலதான்லா." கையெல்லாம் வீங்கி, ரெண்டு நாளைக்கு எவனாலயும் மூட்டை தூக்க முடியலைன்னா அதுக்கும் நான்தான் காரணம்.

வீட்டுல சொன்னேன். இவ ரெண்டாவது தடவை சோறு போட்டா. ஒன்பது நாளுக்கப்புறம்.

ஏப்ரல் 4, செவ்வாய்

அஞ்சு நாள் தோணி. அஞ்சு நாளும் வாந்தி.

கரை மறையும் முன்னாடியே ஆரம்பிச்சிருது. இஞ்சி, எலுமிச்சங்காய், வயித்துல துணி கட்டுதது, அடிவானத்தைப் பாருன்னாங்க, எல்லாம் பாத்தாச்சு. தோணியை ஓட்டுத தண்டல் வயசாளி, நல்ல மனுஷன், சிரிக்காம இருக்க ரொம்பப் பாடுபடுதாரு. மூட்டை எண்ணும்போது இருநூத்தி நாப்பதுல வாந்தி, திரும்ப வரும்போது எத்தனைன்னு தெரியலை. சுமைகாரன் ஒருத்தன், "எருமை கடல்ல இறங்குனா இப்படித்தான்."

தங்கப்பழம் இல்லாமலே அவன் ஜோக் வேலைக்கு வருது.

ஏப்ரல் 13, வியாழன்

வருஷப்பிறப்பு. வேப்பம்பூ பச்சடி. வாயில வைக்க முடியலை. இவகிட்ட வேற காரணம் சொன்னேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

தங்கப்பழம் நேத்து வேலையில சேர்ந்துட்டான். இன்னைக்குத் துறையில பாத்தேன். முகம் முழுக்கக் குழி, பழைய முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். இடது கண்ணு பாதி மூடியிருக்கு. நான் தோணிக்குள்ள, அவன் கரையில, என் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு. பிரேக் மாத்தியிருக்கான். பதினோரு வருஷம் வேலை பாத்த எனக்குக் கிடைக்காத பிரேக்.

பேசுவான்னு நினைச்சேன். எல்லார் முன்னாலயும் ஏதாவது சொல்லுவான், துறையே சிரிக்கும், அதோட தீர்ந்துரும்னு எதிர்பாத்தேன். ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினான். அவன் பேசாதது ராத்திரி சோறு இறங்காத அளவுக்குத் தொந்தரவு.

ஏப்ரல் 20, வியாழன்

இன்னைக்குப் போகலை.

காத்து தூக்கி அடிக்கு, அலை ஆளுயரம். விடியக்காலம் எழுந்து வேட்டி கட்டினேன், அவிழ்த்துட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்லை. நினைச்சாலே வயித்தைப் புரட்டுது, அவ்வளவுதான். அதுக்கு ரூல்ல பேர் கிடையாது.

விண்ணப்பம் எழுதினேன். காலை எட்டு மணி. நோயின் பெயர்: வயிற்றுக்கடுப்பு. டாக்டர்கிட்ட நடந்து வர முடியாத நிலை. சொந்தக் கையெழுத்து. எத்தனை பேர்கிட்ட இதைக் கேட்டு வாங்கினேன், எழுதுதது முதல் தடவை. இவதான் ஆபீஸ் வாசல்ல கொண்டு போய்க் குடுத்தா. பொய்யைச் சுமந்துட்டுப் போக நான்தான் கிடைச்சேனான்னு கேட்டுட்டுத்தான் போனா.

நாலாவது ரூல் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இன்னைக்கே வருவான்னு நினைக்கலை. நான்னா மறுநாள்தான் போவேன்.

பகல் பன்னிரண்டரை. நல்ல பசி, அஞ்சாறு நாளைக்கப்புறம். இவ நெத்திலிக் கருவாடு வறுத்தா. மணம் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். அடுப்படிக்கு முன்னால, கதவுக்குப் பின்பக்கம் உக்காந்து ரெண்டாம் சோறு பிசையுதேன். தெருவுல பெல். அந்தப் பெல்லை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பாய் சுருட்டி மூலையில நிக்கு. ஓடிப் போய் விரிச்சுப் படுக்க நேரமில்லை. கை முழுக்கச் சோறு.

வாசல்ல பிரேக் பிடிச்ச சத்தம்.

"பெருமாள் அண்ணாச்சி இருக்காரா?"

இவ என்னைப் பாத்தா. ஒரு பொய் காலையிலேயே சுமந்தாச்சு, இன்னொண்ணுக்கு அவ தயாரா இல்லை. "இருக்காவ"ன்னு மட்டும் சொன்னா. படுத்திருக்காவன்னு சொல்லலை. வாங்கன்னும் சொல்லலை.

கதவு இடுக்குல பாதி முகம். குழி குழியா. மூக்கு விரிஞ்சது, கருவாட்டு மணம் போய்ச் சேர்ந்துட்டுது. ரெண்டு எட்டு வச்சு உள்ள வந்தா போதும், சோத்துல கை வச்சுக்கிட்டு நான். பேர் நீக்கம். செவப்பு மை. தடியன் கை.

வரலை. வாசப்படிக்கு வெளியவே நின்னான். செருப்பைக் கூடக் கழட்டலை. பாரத்தை எடுத்துச் சைக்கிள் சீட்டு மேல வச்சான். நோயின் பெயரை வாய்விட்டு வாசிச்சான், வ-யி-ற்-று-க்-க-டு-ப்-புன்னு நிதானமா. ஒரு கோடு அடிச்ச சத்தம்.

"பாத்தேன்னு எழுதியிருக்கேன் வே. சாப்பிட்டுட்டு நாளைக்கு வாரும். வாரேன்."

பெல் அடிச்சுக்கிட்டே போனான், தெரு முடியத வரைக்கும்.

இவ தண்ணிச் செம்பை எடுத்து என் பக்கத்துல வைக்கலை. நானும் கேக்கலை. அந்தச் சோறு உள்ள போகலை. 'பார்க்கவில்லை'ன்னு எழுதியிருக்கலாம் அவன். உள்ள வந்து பாத்துட்டுத் துறை முழுக்கச் சொல்லிச் சிரிச்சிருக்கலாம். சரிக்குச் சரின்னு ஆயிருக்கும், நான் பாட்டுக்கு அவனைத் திட்டிக்கிட்டே நிம்மதியா இருந்திருப்பேன். இப்போ அதுக்கும் வழியில்லை. பாவி.

நாளைக்குத் தோணி ஆறு மணிக்கு.